கதவுக்கு மேலே இருக்கும் ஜன்னலைக் கழற்றுவதற்கு முன்

"இதைப் பேத்து எடுத்துட்டு பிளைவுட் அடிச்சு மூடிருங்க தம்பி, ஏசி போடணும்."

காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய வீட்டு வேலைக்குப் போனபோது அந்த வீட்டு ஆச்சி முதலில் சொன்னது இதைத்தான். அவர் கை காட்டியது கதவு நிலைக்கு மேலே இருந்த ஜன்னலை. ஆறு கட்டம், ஆறு கண்ணாடி, சிவப்பும் பச்சையும் நீலமும். ஒன்று உடைந்து, அந்த இடத்தில் காலண்டர் அட்டை செருகியிருந்தது. மேல் ஜன்னல், வென்டிலேட்டர் என்று ஊருக்கு ஒரு பெயர் சொல்வார்கள். பழைய வீடுகளின் கதவு ஜன்னல்களைச் சரிசெய்வது என் தொழில், எங்கே போனாலும் முதல் பலி இதுதான்.

நான் உடனே மறுத்துப் பேசவில்லை. ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன். சட்டத்தின் இரண்டு பக்கமும் நடுவில் முளை வைத்து, முழு ஜன்னலும் அதில் சுழலும்படி செய்திருந்தார்கள். கீழே சுவரில் ஒரு கொக்கி, அதில் கயிறு சுற்றிச் சுற்றிப் பளபளப்பாகத் தேய்ந்திருந்தது. கயிற்றை இழுத்தால் ஜன்னல் சாயும், கூரையடியில் தேங்கும் சூடான காற்று அந்த வழியாக வளவுக்கு, அதாவது நடுமுற்றத்துக்குப் போய் வெளியேறும். கதவைச் சாத்திப் படுத்தாலும் புழுக்கம் இருக்காது. இப்போது அது நகரவில்லை. கெட்டுப்போனதால் அல்ல, நாலைந்து முறை பெயின்ட் அடித்து இடுக்கெல்லாம் ஒட்டிக்கொண்டதால்.

மரம்? பர்மா தேக்கு. செட்டிநாட்டு வீடுகளில் பெரும்பாலானவை, 1942இல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடிப்பதற்கு முன்னால், அங்கே வியாபாரம் கொழித்த காலத்தில் எழும்பியவை. நெருக்கமான ரேகை உள்ள அந்த மரத்தை இன்று எந்த மரக்கடையிலும் புதிதாக வாங்க முடியாது. கழுந்தும் துளையுமாகக் கோத்துச் செய்த சட்டம், ஒரு மூட்டு தளர்ந்தால் அந்த மூட்டை மட்டும் பிரித்துச் சரிசெய்யலாம். அடிச்சட்டத்தில் இரண்டு அங்குலம் உளுத்திருந்தால் அந்த இரண்டு அங்குலத்தை மட்டும் வெட்டிவிட்டுப் பழைய தேக்குத் துண்டையே ஒட்டு வைக்கலாம். இப்போது வரும் யுபிவிசி பிளாஸ்டிக் ஜன்னலில் ஒரு பாகம் போனால் என்ன செய்வீர்கள்?

சரி, சரிசெய்யலாம் என்று முடிவானதும் எல்லாரும் செய்யும் தவறு ஒன்று இருக்கிறது. இந்தக் கட்டுரையே அதற்காகத்தான். சாண்டர் மெஷினை எடுத்துப் பெயின்ட்டைச் சர்ரென்று தேய்ப்பது. நானும் செய்திருக்கிறேன், பல வருடம். மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்கத் தேய்த்துவிட்டு, அந்தச் சட்டையோடு வீட்டுக்குப் போய், ஓடிவந்த பிள்ளையை அப்படியே தூக்கியிருக்கிறேன். யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பழைய எனாமல் பெயின்ட்டில் ஈயம் இருக்கும். குறிப்பாக அந்த அடர்ந்த மஞ்சள், ஆரஞ்சு, ஜன்னலுக்கென்றே அடிப்பார்களே அந்தப் பச்சை, இவற்றின் நிறத்துக்கே ஈயச் சேர்மங்களைத்தான் போட்டார்கள். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முன் அடித்த எதையும் ஈயம் உள்ளதாகவே நினைத்துக்கொள்ளுங்கள். சுவரோடு மரத்தோடு ஒட்டிக்கொண்டு சும்மா இருக்கும்வரை பெரிய ஆபத்தில்லை, தூளாக்கும்போதுதான் சிக்கல். தூள் தரையில் படியும், தவழும் குழந்தை கையை வைக்கும், கை வாய்க்குப் போகும். வாய்வழியாகப் போகும் ஈயத்தைப் பெரியவர்களைப் போல நாலைந்து மடங்கு குழந்தையின் உடல் உறிஞ்சிக்கொள்ளும், அது மூளை வளர்ச்சியில் கை வைக்கும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கர்ப்பிணிகள் வேலை நடக்கும் வீட்டிலேயே இருக்க வேண்டாம்.

அதனால் இப்போது எங்கள் வழக்கம் இது: ஜன்னலைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுவந்துவிடுவோம். கீழே தடிமனான பிளாஸ்டிக் விரிப்பு. ஸ்பிரேயரில் தண்ணீர் அடித்து ஈரத்தோடு சுரண்டுவோம், உப்புத்தாள் போட்டாலும் ஈரத்தோடுதான். சாதாரணத் துணி மாஸ்க் இதற்குப் பிரயோஜனமில்லை, குறைந்தது என்95 வேண்டும். விளக்குமாற்றால் பெருக்கவே கூடாது, ஈரத்துணியால் துடைத்து, சுரண்டலை விரிப்போடு சுருட்டிக் கட்டிவிட வேண்டும். வேலைச் சட்டையைத் தனியாகத் துவைக்க வேண்டும். தீ விளக்கு வைத்துப் பெயின்ட்டைப் பொசுக்குகிற ஆட்களை வேலைக்கு விடாதீர்கள், அந்தச் சூட்டில் ஈயம் புகையாகவே கிளம்பும். காஸ்டிக் சோடாத் தொட்டியில் முக்கி எடுப்பவர்களும் உண்டு. பெயின்ட் போகும், கூடவே தேக்கு கறுத்து, மூட்டில் உள்ள பசையும் போய்விடும்.

நேரம் ஆகும், உண்மைதான். மெஷினில் அரை நாளில் முடிவது இப்படிச் செய்தால் இரண்டு நாள். கூலியைக் கேட்டுச் சிலர் முகம் சுளிக்கிறார்கள், சுளிக்கட்டும்.

அடுத்தது கண்ணாடி. அந்த வண்ணக் கண்ணாடியை உடைக்காமல் எடுப்பதில்தான் பாதி உயிர் போகும். கண்ணாடியைச் சட்டத்தோடு பிடித்து வைத்திருக்கும் மக்கு கல்லாக இறுகியிருக்கும். உளியை வைத்துக் கொட்டாப்புளியால் தட்டினால் மக்கும் வரும் கண்ணாடியும் வரும், துண்டுதுண்டாக. ஹீட் கன் பிடித்தால் கண்ணாடி விரிசல் விடும். நான் செய்வது, துணிக்கு ஆவி கொடுக்கும் சின்ன ஸ்டீமர் ஒன்றை எடுத்து, மக்கின் மேல் மெதுவாக ஆவி காட்டுவது. கொஞ்ச நேரத்தில் வெண்ணெய் மாதிரி இல்லாவிட்டாலும் பழைய சீஸ் மாதிரியாவது இளகிவிடும், கத்தியால் வழித்துவிடலாம். எடுக்கும்போதே ஒவ்வொன்றிலும் டேப் ஒட்டி எண் போட்டுவிடுங்கள், எல்லாம் ஒரே அளவு என்று தோன்றும், இருக்காது.

சிவப்புக் கண்ணாடி கையில் வந்ததும் அதன் விளிம்பைப் பாருங்கள். பல சமயம் கண்ணாடி முழுக்கச் சிவப்பாக இருக்காது. வெள்ளைக் கண்ணாடியின் மேல் தோல் மாதிரி ஒரு மெல்லிய சிவப்புப் படலம் மட்டும்தான். அதைக் கம்பி நாரோ உப்புத்தாளோ போட்டுத் தேய்த்தால் கீறல் விழுந்து நிறம் கெட்டுப்போகலாம். தண்ணீர், சீயக்காய், பழைய பருத்தித் துணி, போதும். இன்னொன்று, பழைய கண்ணாடியில் அலை அலையாகத் தெரிவதைப் பார்த்து "கண்ணாடி உருகி வழிஞ்சிருக்கு" என்பார்கள். கண்ணாடி வழியாது. அந்தக் காலத்தில் தயாரித்த முறையிலேயே வந்த அலை அது.

திரும்ப மாட்டும்போது சிலிக்கான் வேண்டாம், அடுத்த முறை கழற்றுபவன் உங்களைத் திட்டுவான். சாக் பவுடரும் ஆளிவிதை எண்ணெயும் பிசைந்த மக்குதான் சரி. முதலில் மரத்தின் பள்ளத்தில் எண்ணெய் தடவிவிடுங்கள், இல்லையென்றால் காய்ந்த தேக்கு மக்கில் உள்ள எண்ணெயை உறிஞ்சி, ஆறு மாதத்தில் வெடித்து உதிரும். மக்கு மேல்தோல் கட்ட ஒன்றிரண்டு வாரம் பொறுத்து, அப்புறம் பெயின்ட்.

ஆச்சி வீட்டு ஏசி என்ன ஆயிற்று என்றால், போட்டோம். ஜன்னலுக்கு உள்பக்கமாகச் சட்ட அளவுக்கு அக்ரிலிக் ஷீட் வெட்டி, நாலு திருகாணியில் மாட்டினோம். குளிர் வெளியே போகாது, வெளிச்சம் நிறத்தோடு உள்ளே வரும். மார்கழி தை மாதங்களில் நாலு திருகாணியைக் கழற்றிவிட்டுக் கயிற்றை இழுத்துக்கொள்ளலாம். புதுக் கயிறு கட்டிய அன்று ஆச்சி மூன்று தடவை இழுத்து இழுத்து விட்டார். "இது திறக்கும்னே மறந்துபோச்சு தம்பி."

காலண்டர் அட்டை இருந்த கட்டத்துக்கு மட்டும் இன்னும் சரியான பச்சை கிடைக்கவில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் இரண்டு தடவை தேடிவிட்டேன், இடித்த வீடுகளின் கண்ணாடியெல்லாம் அங்கேதான் வந்து சேர்கிறது. கிடைத்ததெல்லாம் ஒரு சாயல் மங்கல். இப்போதைக்குச் சாதாரணக் கண்ணாடி போட்டு வைத்திருக்கிறோம்.