வியட்நாம் போறவங்க "காப்பாத்துங்க"ன்னு கத்தவும் கத்துக்கிட்டு போங்க

வியட்நாம்ல சைகான் (ஹோ சி மின் சிட்டி) பக்கத்துல ஒரு ஃபேக்டரியில சேஃப்டி ஆபீசரா இருந்தேன், முதலுதவி ட்ரெயினிங், ஃபயர் டிரில் எல்லாம் என் பொறுப்பு. ஒருநாள் நம்ம ஊர்ப் பையன் ஒருத்தன் கை கன்வேயர்ல மாட்டிக்கிச்சு, "ஹெல்ப் ஹெல்ப்"னு கத்துறான், பத்தடி தள்ளி நின்ன பொண்ணு காதுல மெஷின் சத்தத்தோட அதுவும் ஒரு சத்தமா போயிடுச்சு. அப்புறம் கேன்டீன்ல தினம் கூப்பிட்டுப் பழகின "சீ ஒய்"ங்கறது அவன் வாயில வந்துச்சு. நம்ம "அக்கோவ்" மாதிரிதான். உடனே நாலு பேர் திரும்பினாங்க, ஒரு அக்கா ஓடிப்போய் செவப்பு பட்டனை அடிச்சாங்க. ரெண்டு விரல் நசுங்கினதோட போச்சு, கை தப்பிச்சுது.

அதுக்கப்புறம் என் கிளாஸ்ல உறவு சொல்லிக் கூப்பிடறதுதான் முதல் பாடம். அவங்களும் நம்மள மாதிரி அண்ணன், அக்கா, தம்பி, சித்தப்பான்னு முறை வெச்சுத்தான் பேசுவாங்க. அண்ணன் வயசுன்னா "அன் ஒய்", அக்கான்னா "சீ ஒய்", சின்னவங்கன்னா "எம் ஒய்". ஆபத்துல வயசு கணக்கு பார்க்க வேணாம், வாயில எது வருதோ கூப்பிடுங்க.

அடுத்தது "கியூ", அதாவது காப்பாத்துறது. "கியூ தோய் வோய்"னா என்னைக் காப்பாத்துங்க, கடைசி "வோய்" கெஞ்சற சொல்லு. "யுப் தோய் வோய்"னு இன்னொண்ணு இருக்கு, அது கொஞ்சம் ஹெல்ப் பண்ணுங்கங்கற மாதிரி, வழி கேக்க, பெட்டி தூக்க போதும், உயிர் போற நேரத்துல "கியூ"தான். குரல் மேல ஏறணும், நாம "நெஜமா?"ன்னு கேக்கறப்ப கடைசியில ஏறுதே, அந்த மாதிரி. அதையே கீழ இறக்கிச் சொன்னா செம்மறி ஆடுன்னு அர்த்தம் ஆயிடும்.

இந்த ஏத்த இறக்கத்தை லேசா எடுத்துக்காதீங்க ப்ளீஸ். நம்மள்ல சைவம் சாப்பிடறவங்க அங்க போனதும் கத்துக்கற முதல் வார்த்தை "ஆன் சாய்", சைவச் சாப்பாடு. அந்த "சாய்" தட்டையா வரும். குரலை ஏத்தினா நெருப்பு. டக்குனு அழுத்தி வெட்டினா ஓடுறது. கீழ போய் வளைஞ்சு வந்தா ஒழுகுறது, அதோட "மாவ்" சேர்ந்தா ரத்தம் ஒழுகுது. டிரில்ல ஒரு சூப்பர்வைசர் நெருப்புன்னு சொல்ல வேண்டிய "சாய்"யைத் தட்டையாவே கத்தினார், லைன்ல யாரும் நகரல, என்ன சொல்றார்னு ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்த்துக்கிட்டு நின்னாங்க. நெஜத் தீயில அந்த நேரம் நமக்குக் கிடைக்காது. 2023 செப்டம்பர்ல ஹனோய்ல ஒரு அடுக்குமாடி தீ விபத்துல 56 பேர் செத்தாங்க, ராத்திரி நேரம், அதை நெனச்சா இப்பவும் மனசு பதறுது.

போன் நம்பர் மூணு. போலீஸ் 113, தீயணைப்பு 114, ஆம்புலன்ஸ் 115. எடுக்கறவங்களுக்கு இங்கிலீஷ் வரும்னு நம்பி உக்காந்துடாதீங்க, பக்கத்துல இருக்கற ஊர்க்காரங்க கையில போனைக் குடுத்து "கப் கியூ"ன்னு சொல்லுங்க, அவசர சிகிச்சைன்னு அர்த்தம். ஆம்புலன்ஸ் மேலயும் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு வாசல்லயும் இதே சொல்லுதான் எழுதியிருக்கும். நோயாளியப் பார்த்ததும் அவங்க கேக்கறது "டாவ் அ டவ்", எங்க வலிக்குது? தெரியலன்னா இடத்தைத் தொட்டுக் காட்டி "டாவ்" போதும். மூச்சு விட கஷ்டமா இருந்தா "கோ த".

இன்னொண்ணு, அட்ரஸ். சைகான் சந்துகள்ல ஒரே வீட்டு நம்பர்ல ரெண்டு மூணு சாய்வுக்கோடு வரும், சந்துக்குள்ள சந்து, பெரிய வண்டி நுழையாது, அதனாலதான் அங்க பைக் ஆம்புலன்ஸே ஓட்டறாங்க. 2023 நவம்பர்ல திருச்சியிலேர்ந்து நேர் ஃப்ளைட் வந்ததிலேர்ந்து நம்ம ஆளுங்க குடும்பமா போறாங்க, வயசானவங்களையும் கூட்டிட்டுப் போறாங்க. ஹோட்டல்ல ரூம் சாவி வாங்கும்போதே வியட்நாமிய எழுத்துல அட்ரஸ் போட்ட கார்டையும் கேட்டு வாங்கி ஆளுக்கு ஒண்ணு பாக்கெட்ல வெச்சுடுங்க, அம்மா அப்பா பாக்கெட்லயும்.