வேறு ஊரில் மாட்டிக்கொண்டால் ஏஆர்டி மாத்திரை வாங்குவது எப்படி

2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு வந்தபோது, எச்ஐவியோடு வாழும் தன்பாலீர்ப்பு ஆண்கள் பலர் வாடகை அறையைக் காலி செய்துவிட்டு அப்பா அம்மா வீட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. எச்ஐவியை அடக்கி வைக்கும் ஏஆர்டி மருந்துக்குப் பதிவான மையம் ஒரு ஊரில், ஆள் இன்னொரு ஊரில். வெளியே போகப் போலீசுக்கும் காரணம் சொல்ல வேண்டும், வீட்டுக்கும் காரணம் சொல்ல வேண்டும். அருகிலுள்ள எந்த மையத்திலும் மருந்து வாங்கலாம், மூன்று மாத மருந்தைச் சேர்த்தே கொடுக்கலாம் என்று தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனமான நாக்கோ அப்போதே சொன்னது. அந்த உத்தரவு பல இடங்களில் மருந்து ஜன்னல்வரை வந்து சேரவில்லை. "உங்க சென்டருக்கே போங்க" என்பதுதான் கிடைத்த பதில். ஊரடங்கு முடிந்தும் அந்தப் பதில் மாறவில்லை என்பதால் இந்த விளக்கம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்: கொஞ்ச நாளைக்கு மருந்து வேண்டுமா, பதிவையே மாற்ற வேண்டுமா? இரண்டும் வேறு வேறு வேலை. தற்காலிகம் என்றால், "நான் இன்ன மையத்து நோயாளி, இங்கே வந்திருக்கிறேன், திரும்பிப் போகும்வரை மருந்து வேண்டும்" என்று கேளுங்கள். "டிரான்ஸ்ஃபர்" என்ற சொல்லை வாயில் எடுக்காதீர்கள். எடுத்தால் பழைய மையத்தின் கடிதம் கேட்பார்கள். பழைய மையம் உங்களை மாற்றலாகிப் போனவர் கணக்கில் எழுதிவிடும். திரும்பிப் போகும்போது மறுபடி அதே அலைச்சல். நிரந்தரமாக ஊர் மாறுகிறீர்கள் என்றால் மட்டும், கிளம்பும் முன்பே மாற்றல் கடிதமும் வழிக்கு மருந்தும் வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாக ஒரு வழியைச் சில ஊழியர்களே சொல்லிக் கொடுப்பார்கள்: "நம்பிக்கை மையத்துல புதுசா டெஸ்ட் எடுத்து, புதுசா பதிஞ்சுக்கோங்க, ஈசி." நம்பிக்கை மையம் என்பது அரசின் எச்ஐவி பரிசோதனை மையம். இதை மட்டும் செய்யாதீர்கள். புது எண் வந்தால் பழைய சிகிச்சை வரலாறு அழிந்த மாதிரி. முன்பு ஒரு மருந்து வேலை செய்யாமல் இரண்டாம் கட்ட மருந்துக்கு மாறியவருக்கு, மருத்துவர் விவரம் தெரியாமல் முதல் கட்ட மருந்தையே எழுதிவிடுவார். வைரஸ் அளவு ஏறியபிறகுதான் யாருக்கும் தெரியவரும்.

கையில் இருக்க வேண்டியது கிரீன் புக், அதாவது உங்கள் சிகிச்சை விவரம் எழுதி மையம் கொடுக்கும் கையேடு. வீட்டில் யார் கண்ணிலாவது படும் என்று அதை அறையிலேயே விட்டு வந்தவர்கள்தான் அதிகம். ஆகவே ஏஆர்டி எண், மருந்தின் பெயர், கடைசியாக வாங்கிய தேதி, கடைசி வைரல் லோடு (ரத்தத்தில் உள்ள வைரஸ் அளவு), இவை இருக்கும் பக்கங்களைப் படம் எடுத்து, போனில் பூட்டுப் போட்ட இடத்தில் வையுங்கள். எண் இருந்தால் புது மையத்து ஊழியர்கள் கணினியில் பார்த்துக்கொள்ளலாம். அவர்களுக்குப் பார்க்க மனமில்லை என்றால் உங்கள் மைய ஆற்றுநருக்கு (கவுன்சிலருக்கு) போன் போட்டு அங்கேயே பேச வையுங்கள். மாத்திரை தீரும் நாளில் போகாதீர்கள். பத்து நாள் மிச்சம் இருக்கும்போதே போங்கள். நேராக மருந்து ஜன்னலில் போய் நிற்பதும் வேண்டாம். அங்கிருப்பவருக்கு "இல்லை" என்று சொல்ல மட்டும்தான் அதிகாரம். முதலில் ஆற்றுநர், அடுத்து மருத்துவ அலுவலர்.

மூன்று மாத மருந்து கேட்டால் "வைரல் லோடு டெஸ்ட் பாக்கி இருக்கே" என்பார்கள். சிகிச்சையின் 6-ஆம் மாதம், 12-ஆம் மாதம், பிறகு ஆண்டுக்கு ஒருமுறை அந்தச் சோதனை. பாக்கி என்றால் அன்றே ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். சோதனை பாக்கி என்பது வெறுங்கையோடு அனுப்பக் காரணம் ஆகாது. இருப்பு இல்லை என்று ஒரு வார மருந்தோடு அனுப்புவதும் நடக்கிறது. இந்தத் தட்டுப்பாட்டுக்காக 2022 ஜூலையில் நோயாளிகளே டெல்லி நாக்கோ அலுவலகத்தில் உட்கார்ந்து போராட வேண்டியிருந்தது. இருப்பு இல்லை என்று சொன்னால் அடுத்து எப்போது வர வேண்டும் என்பதைக் கிரீன் புக்கில் எழுதி வாங்குங்கள்.

மாத்திரை குறைகிறதே என்று ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடாதீர்கள். இப்போது பெரும்பாலோருக்குக் கொடுப்பது டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம் சேர்ந்த ஒரே மாத்திரை. இதில் முதல் இரண்டும் ஹெபடைடிஸ் பி வைரஸையும் அடக்கி வைப்பவை; அந்த நோயும் இருப்பவர் திடீரென நிறுத்தினால் கல்லீரல் வீங்கிப் படுத்துவிடக்கூடும். கொரோனா காலத்தில் ஆளாளுக்கு விழுங்கிய துத்தநாக மாத்திரை, கால்சியம், இரும்புச்சத்து, ஜெலுசில் வகை மருந்து எல்லாம் டோலுடெக்ராவிர் உடம்பில் சேர்வதைக் குறைக்கும். இவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்போ, ஆறு மணி நேரம் கழித்தோ ஏஆர்டி மாத்திரையைப் போடுங்கள்.

"எப்படி வந்தது? கல்யாணம் ஆச்சா?" என்று புது இடத்தில் கேட்பார்கள். பதிவேட்டுக்கு ஒரு கட்டம் இருக்கிறது, உண்மைதான். ஆனால் நீங்கள் சொல்லும் பதிலுக்கும் மருந்துக்கும் சம்பந்தமில்லை. வரிசையில் எல்லார் காதிலும் விழும்படி கேட்டால், தனியறையில் சொல்கிறேன் என்று மறுக்கலாம். ஆணோடு உறவு என்று தெரிந்து போலீசைக் காட்டி மிரட்டினால் மசிய வேண்டாம்: ஒரே பாலினத்தவரானாலும் வயதுவந்த இருவர் சம்மதத்தோடு தனிமையில் கொள்ளும் உறவு குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று தீர்ப்பளித்துவிட்டது.

இதைவிடப் பெரிய பயம், தேதி தவறினால் மையத்திலிருந்து வீட்டுக்குப் போன் வருவது, ஆள் வருவது. முகவரி எழுதும்போதே "வீட்டுக்கு வர வேண்டாம், இந்த எண்ணில் மட்டும், இந்த நேரத்தில் மட்டும்" என்று எழுதிக் கொடுங்கள். 2017-ஆம் ஆண்டு எச்ஐவி, எய்ட்ஸ் தடுப்புச் சட்டத்தின் 8-ஆம் பிரிவுப்படி உங்கள் சம்மதமின்றி உங்கள் எச்ஐவி நிலையை வெளியிட முடியாது. 9-ஆம் பிரிவு தரும் விலக்கு துணைவருக்கு மட்டும். அதுவும் மருத்துவரோ ஆற்றுநரோ உங்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான். அம்மா, அண்ணன், வாடகை வீட்டு உரிமையாளர் யாரும் அதில் வரமாட்டார்கள்.

அதே சட்டத்தின் 14-ஆம் பிரிவு ஏஆர்டி மருந்து தருவதை அரசின் பொறுப்பாக்குகிறது, "இயன்றவரை" என்ற ஒரு சொல்லைச் செருகி. அதிகாரிகள் ஒளிந்துகொள்வது அந்தச் சொல்லுக்குப் பின்னால்தான். ஆகவே மருந்து மறுத்தால் 3-ஆம் பிரிவைப் பிடியுங்கள்: சிகிச்சையை மறுப்பதும் நிறுத்துவதும் பாகுபாடு. முகவரிச் சான்று இல்லாததை அதற்கு விலக்காக அந்தப் பிரிவு சொல்லவில்லை.

எங்கே புகார் சொல்வது? முதலில் கட்டணமில்லா எண் 1097. அடுத்து மாவட்ட எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அலகு. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் மருத்துவமனையில் புகார் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். பெயரைக் கேளுங்கள், முழிப்பார்கள், ஆனாலும் கேளுங்கள். அதற்கும் மேல் இந்தச் சட்டப்படி அமைந்த மாநில குறைதீர்ப்பாளர் (ஆம்பட்ஸ்மன்). 30 நாளில் உத்தரவு போட வேண்டும். மருத்துவ அவசரம் என்றால் கூடுமானவரை 24 மணி நேரத்தில். கையில் மாத்திரை இல்லை என்றால் "மருத்துவ அவசரம்" என்று மனுவின் முதல் வரியிலேயே எழுதுங்கள். இல்லாவிட்டால் அது 30 நாள் அடுக்கில் போய்விடும். புகாரை யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்பதால் நண்பரோ தொண்டு நிறுவனமோ கொடுக்கட்டும். உத்தரவை மதிக்காதவருக்கு 10,000 ரூபாய் வரை அபராதம், அதற்குப் பிறகும் தாமதித்தால் நாளுக்கு 5,000 ரூபாய் வரை. விஷயம் நீதிமன்றம் போனால் மாற்றுப் பெயரில் வழக்கை நடத்தும்படி 34-ஆம் பிரிவில் கேட்கலாம். முதல் மனுவிலேயே கேட்டுவிடுங்கள், பெயர் ஒருமுறை பதிவாகிவிட்டால் பிறகு கேட்டுப் பயனில்லை.