இளம் பின்கள வீரர்களை வாங்கில் இருத்தி வைக்காதீர்கள்

ஒரு உதைபந்தாட்டக் கழகத்தின் அணிப் பட்டியல் கைக்கு வந்தால் நான் முதலில் பின்வரிசையைத்தான் பார்ப்பேன். முன்களத்தில் 18, 19 வயதுப் பெடியள் இரண்டு பேராவது இருப்பார்கள். இடைக்களத்திலும் ஒருவர் இருப்பார். பின்வரிசைக்கு வந்தால் 32, 34, 36 என்று வயது ஏறிக்கொண்டே போகும். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் பாடசாலை அணிகளோடும் கழகங்களோடும் பயிற்றுவிப்பாளராக வேலை செய்துவருகிறேன். நான் பழகிய கழகங்களில் பெரும்பாலானவற்றில் நிலைமை இதுதான்.

பயிற்றுவிப்பாளர் ஏன் இப்படிச் செய்கிறார் என்பது விளங்காத விசயமல்ல. எங்கள் ஊர்ச் சுற்றுப்போட்டிகளில் அநேகமானவை விலகல் முறையில் நடப்பவை. ஒரு ஆட்டம் தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நுழைவுக் கட்டணம் கட்டியாயிற்று, வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் புது ஜேர்சி எடுத்துத் தந்திருக்கிறார், கோட்டுக்கு வெளியே ஊரே நிற்கிறது. அந்த நேரத்தில் 19 வயதுப் பெடியன் ஒருவன் பந்தைத் தவறவிட்டு கோல் போனால், "ஏன் அவனை இறக்கினனீங்கள்?" என்ற கேள்வி பயிற்றுவிப்பாளரிடம்தான் வரும். அதே பிழையை 35 வயது அண்ணை விட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அதனால் யார் நன்றாக விளையாடுவான் என்று பார்ப்பதைவிட, யாரை இறக்கினால் பேச்சு வாங்காமல் தப்பலாம் என்று பார்த்து அணி தெரிவாகிறது. முன்களத்தில் இந்தப் பயம் குறைவு. வாய்ப்பைத் தவறவிட்டவன் அடுத்ததை அடித்து ஈடுகட்டலாம். பின்களத்தில் பிழை விட்டவனுக்கு அந்த வழி இல்லை.

மூத்த வீரர்களைப் பற்றிப் பேசும்போது ஒன்றை மறக்கக்கூடாது. இன்று 35 வயதை ஒட்டிய ஒருவர், போர் முடிந்த 2009ல் பதின்ம வயதின் கடைசியில் இருந்தவர். பந்தோடு ஓடித் திரிய வேண்டிய பருவம் அவருக்கு இடப்பெயர்விலும் பதுங்குகுழியிலும் முகாம் கூடாரத்திலும் போய்விட்டது. மெனிக் பாம் அகதி முகாமில் இருந்து ஊர் திரும்பிய பிறகு பற்றை வெட்டி, தடி நட்டு, கோல் கம்பம் கட்டி, பெயர் மட்டும் மிஞ்சியிருந்த கழகங்களை மறுபடி எழுப்பியவர்கள் அந்த வயதுக்காரர்கள்தான். "நீங்கள் கொஞ்சம் விலகுங்கோ" என்று அவர்களிடம் சொல்ல எந்தப் பயிற்றுவிப்பாளருக்கும் மனம் வராது. வரவும் கூடாது. நான் அவர்களை வெளியே அனுப்பச் சொல்லவில்லை. 17 வயதில் இருந்து 21 வயது வரையான ஆட்டக் காலத்தை அவர்களிடம் இருந்து போர் பறித்தது. இன்றைய பெடியளிடம் இருந்து அதே வயதை நாங்களே பறிக்கிறோம். என்னை வருத்துவது இதுதான்.

பின்களம் பயிற்சியில் பாதிதான் வரும். பந்தைப் பறிப்பது, தலையால் அடிப்பது, நீளமாக உதைப்பது எல்லாம் பின்னேரப் பயிற்சியில் பழக்கலாம். எப்போது பறிக்கப் போகாமல் நிற்க வேண்டும் என்பது ஆட்டத்தில்தான் வரும். எதிரணி வீரன் பந்தோடு வரும்போது இளம் பெடியனின் கால் தானாக நீளும். பத்து ஆட்டம் அடிபட்ட பிறகுதான் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, அவனை ஓரக்கோட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு, உதவி வரும்வரை காலத்தைக் கடத்தப் பழகுவான். சோளகக் காற்று வீசும் மாதங்களில் உயரமாக வரும் பந்து கடைசி நேரத்தில் நின்று விழும், அல்லது தலைக்கு மேலால் ஓடிவிடும். அதைக் கரும்பலகையில் கீறிக் காட்ட ஏலாது. அப்புறம் ஓப்சைட், அதாவது எங்கள் கடைசிப் பின்கள வீரனைத் தாண்டி நிற்கும் எதிரணி வீரனுக்குப் பந்து கொடுத்தால் பிழை என்ற விதி. ஊரில் நடக்கும் ஏழு பேர் ஆட்டங்கள் பலவற்றில் அந்த விதியே இல்லாமல்தான் விளையாடுகிறார்கள். அங்கேயே வளர்ந்த பெடியன் 11 பேர் ஆட்டத்துக்கு வந்தால், நாலு பேர் ஒரே வரிசையாக எப்போது முன்னுக்கு ஏறுவது என்று தெரியாமல் தனியே பின்னால் நின்று எதிரணி வீரர்களை ஓப்சைட் ஆகாமல் காப்பாற்றிவிடுகிறான்.

இதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு, பேச்சு. பின்களத்தில் நிற்பவன் கத்த வேண்டும். ஆட்டம் முழுவதும் அவன் கண்ணுக்கு முன்னால்தான் நடக்கிறது. ஆனால் எங்கள் பெடியனுக்கு 15 வயது மூத்தவரைப் பார்த்து "அங்கால போ" என்று கத்த நா எழாது. "அண்ணை, இடப்பக்கம் கொஞ்சம் வாங்கோ" என்று தொடங்கும்போதே பந்து அவர்களைத் தாண்டிப் போய்விடும். மரியாதை நல்லது. அதோடு சேர்த்து, மைதானத்துக்குள் இருக்கும்போது தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடும்படி மூத்தவரே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "லைன்", "ஆள்", "விடு" என்று சின்னச் சின்ன அழைப்புகளை இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டால் போதும். நான் பார்த்த அளவில், இதைச் செய்த கழகங்களில் இளம் பின்கள வீரனின் தடுமாற்றம் சீக்கிரமே குறைந்துவிடுகிறது.

ரொரன்ரோவில் இருக்கும் சொந்தக்காரப் பிள்ளைகளோடு பேசும்போது, அவர்கள் பார்க்கும் ஐஸ் ஹொக்கியிலும் இதே வழக்கு ஓடுகிறது என்று தெரிகிறது. அங்கே ஒரு அணி வழக்கமாக ஆறு பின்கள வீரர்களை மூன்று சோடிகளாக இறக்கும். ஆட்டம் இறுகினால் பயிற்றுவிப்பாளர் மூன்றாவது சோடியைக் குறைத்து, நம்பிக்கையான பழையவர்களையே திரும்பத் திரும்ப இறக்குவார். இளையவன் வாங்கில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பான். ஆனால் சரியாகச் செய்த உதாரணமும் அங்கேதான் இருக்கிறது. 1991ல் சுவீடனில் இருந்து 21 வயதில், வட அமெரிக்கத் தொழில்முறை ஹொக்கித் தொடரில் விளையாடும் டெட்ரோயிட் அணிக்கு வந்த நிக்லஸ் லிட்ஸ்ட்ரோமை அவர்கள் வாங்கில் வைக்கவில்லை. 32 வயதான பிராட் மெக்கிரிமன் என்ற அனுபவசாலியோடு சோடி சேர்த்து இறக்கினார்கள். சிறந்த பின்கள வீரருக்கான நொரிஸ் விருது லிட்ஸ்ட்ரோமுக்கு முதன்முதலில் கிடைத்தது 2001ல், 31 வயதில். மொத்தம் ஏழு முறை வாங்கினார். அதே மெக்கிரிமன் 1993ல் ஹார்ட்ஃபோர்ட் அணிக்குப் போனார். அந்த ஆண்டு அந்த அணி தெரிவுசெய்த 18 வயது கிறிஸ் புரொங்கரைப் பழக்கிவிட்டதிலும் அவருக்குப் பங்கு உண்டு. புரொங்கர் 2000ல் நொரிஸ் விருதையும் தொடரின் பெறுமதிமிக்க வீரருக்கான ஹார்ட் விருதையும் சேர்த்து வாங்கினார். உதைபந்தாட்டத்தில் இத்தாலியப் பின்கள வீரர் பாவ்லோ மால்டினியை எடுங்கள். ஏசி மிலான் 1985 ஜனவரியில் அவரை இறக்கியபோது வயது 16. அவர் விளையாடி முடித்தது 2009ல்.

மூத்தவரின் அனுபவம் இளையவனுக்குப் போய்ச் சேரும் இடம் மைதானம்தான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் உள்ளே நிற்க வேண்டும். ஒருவர் உள்ளே, மற்றவர் வெளியே என்றால் எதுவும் கைமாறாது.

எங்களிடம் என்ன நடக்கிறது? மாரி தொடங்கினால் மைதானங்களில் தண்ணீர் நிற்கும். அதனால் ஆட்டங்கள் எல்லாம் வெயில் மாதங்களில் நெருக்கியடித்துக்கொண்டு வரும். ஒரு வார இறுதியிலேயே இரண்டு மூன்று ஆட்டம். தரை காய்ந்து கல்லு மாதிரி இருக்கும். கிழமை நாளில் மேசன் வேலையோ வயல் வேலையோ கடற்றொழிலோ பார்த்துவிட்டு வரும் 35 வயது உடம்பில் தொடையின் பின்தசை கிழிவது பெரிய ஆச்சரியம் இல்லை. வயது ஏறினாலும், முன்பே ஒருமுறை கிழிந்திருந்தாலும் அந்த ஆபத்து கூடும். அரையிறுதியில் அண்ணை தொடையைப் பிடித்துக்கொண்டு இருந்துவிடுவார். அதுவரை ஒரு நிமிடமும் விளையாடாத பெடியனை அப்போது உள்ளே தள்ளுவார்கள். அவன் தடுமாறுவான், கோல் போகும். "பார்த்தனீங்களா, அவனுக்கு இன்னும் காணாது" என்று தீர்ப்பும் வந்துவிடும். அடுத்த வருசமும் அவன் வாங்கில்.

அவன் அடுத்த வருசம் வரை நிற்பான் என்றும் இல்லை. வலய மட்டத்திலும் மாகாண மட்டத்திலும் 20 வயதுப் பிரிவில் நன்றாக விளையாடிவிட்டு, கழகத்தில் ஒரு பருவம் முழுக்கத் தண்ணீர்ப் போத்தல் தூக்கிய பின்கள வீரர்களை எனக்குத் தெரியும். உயர்தரம் முடிந்ததும் கொழும்பில் வேலை, இல்லாவிட்டால் வெளிநாட்டுக்கு ஆயத்தம். மிஞ்சுகிறவர்களில் சிலர் முன்களத்துக்கு மாறிவிடுகிறார்கள், அங்கே இடம் கிடைக்கிறது என்பதற்காக மட்டும். பாடசாலைப் பயிற்றுவிப்பாளர்களும் இதில் கவனமாக இருக்க வேண்டும். ஆட்டத்தை வாசிக்கத் தெரிந்த உயரமான பிள்ளையை, கோல் வேண்டும் என்பதற்காக முன்னுக்கு அனுப்பிவிட்டு மிஞ்சியவர்களைப் பின்னுக்கு நிறுத்தும் பழக்கம் பரவலாக இருக்கிறது.

கழகங்களிடம் நான் கேட்பது கஷ்டமான விசயம் ஒன்றுமில்லை. பின்வரிசையின் நடுவில் நிற்கும் இரண்டு பேரில் ஒருவர் 21 வயதுக்குக் கீழ் இருக்கட்டும், மற்றவர் உங்கள் மிகச் சிறந்த மூத்தவர். முதல் சுற்று ஆட்டங்களிலும் சிநேகபூர்வ ஆட்டங்களிலும் இளையவனை முழு ஆட்டமும் விளையாட விடுங்கள். 3–0 என்று முன்னிலை பெற்ற பிறகு கடைசி ஐந்து நிமிடம் இறக்குவது அவனுக்கு ஒன்றையும் கற்றுத் தராது. அவன் பிழையால் கோல் போன உடனே ஆளை மாற்றாதீர்கள். அடுத்த பந்தை அவன் எப்படி எதிர்கொள்கிறான் என்று பார்க்க வேண்டிய நேரம் அதுதான். திட்டுவதாக இருந்தால் ஆட்டம் முடிந்த பிறகு, தனியே கூப்பிட்டு, எந்த இடத்தில் நின்றான், எங்கே நின்றிருக்க வேண்டும் என்று மண்ணில் கீறிக் காட்டுங்கள்.

இந்த முடிவைப் பயிற்றுவிப்பாளர் தனியே எடுத்தால் முதல் தோல்வியோடு அது கலைந்துவிடும். பருவம் தொடங்க முதல் கழகப் பொதுக்கூட்டத்தில் வைத்துப் பேசுங்கள். தலைவர், செயலாளர், மூத்த வீரர்கள் எல்லோரும் இருக்கும்போது, இந்த வருசம் எந்த இளைஞன் யாரோடு சோடி சேர்ந்து விளையாடப் போகிறான் என்று பேர் சொல்லிக் கூட்டக் குறிப்பில் எழுதுங்கள். வெளிநாட்டில் இருந்து காசு அனுப்புகிறவர்களுக்கும் அதைச் சொல்லிவிடுங்கள். முதல் சுற்றிலேயே தோற்று வெளியேறினாலும் அந்தக் குறிப்பை மாற்றாமல் அடுத்த சுற்றுப்போட்டிக்கும் அதே சோடியை இறக்குங்கள்.