ஷாக்கை மாற்றும் முன் பட்டையைப் பாருங்கள்

கரூரிலிருந்து பெட்ஷீட் ஏற்றிக்கொண்டு மும்பை பக்கத்துப் பிவண்டிக்குப் போய்வரும் தம்பி ஒருவர் போன தை மாதம் தன் பிக்கப்பை என் பட்டறைக்குக் கொண்டுவந்தார். இறங்கும்போதே ஒரு கை இடுப்பில் இருந்தது. "ஏனுங்கண்ணா, லோடு ஏத்திட்டுப் போறப்ப ஒண்ணும் தெரியலைங்க. காலியாத் திரும்புறப்ப மும்பை–புனே ரோட்டுல ஏறுனா பின்னாடி தூக்கித் தூக்கிப் போடுது. ஷாக் அப்சார்பர் ரெண்டு தடவை மாத்தியாச்சு. ஒண்ணும் கேக்கலைங்க."

நாமக்கல்லில் 22 வருஷமாக ஸ்பிரிங் பட்டை (வளைந்த இரும்பு இலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வண்டியின் பாரத்தைத் தாங்க வைப்பது) வேலை மட்டும்தான் செய்கிறேன். முன்பெல்லாம் லாரிதான் வரும். இப்போது வாசலில் நிற்பதில் பாதி பிக்கப். வடக்கே ஓடுகிற பிக்கப்காரர்களில் பலர் இதே புகாரோடு வருகிறார்கள், அதுவும் ஷாக்குக்கு ஒருமுறையாவது காசைக் கொட்டிய பிறகு. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் ரோடு. மும்பை–புனே எக்ஸ்பிரஸ் வே சுமார் 95 கிலோமீட்டர், பெரும்பாலும் கான்கிரீட். 2002-இல் முழுதாகத் திறந்தார்கள். நாக்பூரிலிருந்து மும்பை வரும் சம்ருத்தி சாலை 701 கிலோமீட்டர், அதுவும் கான்கிரீட்தான். டெல்லி பக்கத்திலிருந்து ஆக்ரா போகும் யமுனா எக்ஸ்பிரஸ் வேயும் அப்படியே. நம் ஊர்த் தார் ரோட்டுக்கும் இவற்றுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கான்கிரீட் காயும்போது சுருங்கும், சுருங்கினால் தன் இஷ்டத்துக்கு வெடிக்கும். அது வெடிப்பதற்கு முன் நாமே ஒழுங்காக ஒரு கோடு வெட்டிவிடலாம் என்று, குறுக்கே ரம்பம் போட்டு அறுத்துவிடுகிறார்கள். நம் நாட்டில் வழக்கமாக 4.5 மீட்டருக்கு ஒரு வெட்டு. ஆக, ரோடு என்பது 4.5 மீட்டர் பலகைகளை வரிசையாக அடுக்கியது போல. நாளாக ஆக, வெட்டு வழியே தண்ணீர் இறங்கி, அடியில் இருக்கும் மண்ணைக் கரைத்து, ஒரு பலகைக்கும் அடுத்ததற்கும் சின்னப் படி விழும். லாரிகள் ஓடும் இடது பக்கத்தில்தான் இது அதிகம்.

இன்னொன்றையும் ஓட்டுநர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன்: "விடியக்காலையில ரொம்பக் குதிக்குது, மத்தியானம் அவ்வளவா இல்ல." பிரமை இல்லை. ராத்திரி பலகையின் மேல்பக்கம் குளிர்ந்து சுருங்கும், அடிப்பக்கம் சூடாகவே இருக்கும். அதனால் ஓரங்கள் மேலே தூக்கி, பலகை தட்டு மாதிரி ஆகிவிடும். வெயில் ஏறினால் தலைகீழ், நடு மேடாகும். ரோடு தினமும் இப்படி மூச்சு விடுகிறது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. 80 கிலோமீட்டர் வேகம் என்றால் வினாடிக்கு 22 மீட்டர். 4.5-ஆல் வகுத்தால் வினாடிக்கு ஏறக்குறைய 5 வெட்டு. அதாவது ரோடு உங்கள் பின் சக்கரத்தை வினாடிக்கு 5 தடவை, தாளம் தப்பாமல் தட்டுகிறது. தூளி ஆட்டியவர்களுக்குத் தெரியும், அது திரும்பி வரும் நேரத்தில் ஒரு விரலால் தொட்டாலே போதும், நாள் முழுக்க ஆடும். வண்டியின் பின்பக்கம் தானாகத் துள்ளும் தாளமும் ரோட்டின் தாளமும் ஒன்றாகிவிட்டால் கதை முடிந்தது. கலிபோர்னியாவில் இதற்காகவே வெட்டுகளை ஒரே இடைவெளியில் போடாமல் 12, 15, 13, 14 அடி என்று மாற்றி மாற்றிப் போட்டார்கள். நமக்கு ரோட்டை மாற்ற முடியாது. வண்டியின் தாளத்தை மாற்றலாம்.

சரி, தம்பியின் வண்டிக்கு வருவோம்.

அடியில் படுத்து டார்ச் அடித்தேன். ஷாக் புதிதுதான், ஒரு சொட்டு ஆயில் கசிவு இல்லை. பட்டையைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. நன்றாக வேலை செய்யும் பட்டையில், ஒவ்வொரு இலையின் நுனியும் மேல் இலையோடு உரசும் இடத்தில் வெள்ளியாக மின்னும். இங்கே மின்னல் எதுவும் இல்லை. துருவும் காய்ந்த சேறும் சேர்ந்து, இலைக்கும் இலைக்கும் நடுவில் இருக்க வேண்டிய கோடே தெரியாமல், ஒரே இரும்புத் துண்டு மாதிரி இறுகிக் கிடந்தது.

பட்டறைப் பையன்கள் இருவரைத் தொட்டியின் பின் விளிம்பில் ஏறி நிற்கச் சொன்னேன். இருவரும் சேர்ந்து 140 கிலோ இருப்பார்கள். பின் ஆக்சிலுக்கும் (இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் தண்டு) சேசிஸுக்கும் (வண்டியின் அடிச்சட்டம்) நடுவில் ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். 2 மில்லிமீட்டர் இறங்கியது. அவர்கள் குதித்து இறங்கிய பிறகு அந்த 2 மில்லியும் திரும்பி வரவில்லை. ஆனால் அவர்கள் ஏறும்போது டயர் பிதுங்குவது கண்ணுக்கே தெரிந்தது. தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "உங்க வண்டியில இப்ப ஸ்பிரிங்கே இல்லைங்க. டயர்தான் ஸ்பிரிங்."

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஷாக் அப்சார்பரின் ஒரு முனை ஆக்சிலில், மறுமுனை சேசிஸில். இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம் கூடிக் குறைந்தால்தான் உள்ளே ஆயில் ஓடும், துள்ளல் அடங்கும். பட்டை இறுகிப்போனால் ஆக்சிலும் சேசிஸும் ஒரே கட்டையாக டயர் மேல் குதிக்கும். ஷாக் சும்மா கூடவே பயணம் செய்யும். டயருக்கோ துள்ளலை அடக்கும் சக்தி மிகக் குறைவு. எவ்வளவு விலை கொடுத்து எந்த ஷாக் போட்டாலும் இதேதான்.

தாளமும் மாறிப்போகிறது. பட்டை நன்றாக வேலை செய்தால் காலி பிக்கப்பின் பின்பக்கம் வினாடிக்கு ஏறக்குறைய 2 தடவைதான் ஆடும். பட்டை இறுகி டயர் மேல் மட்டும் ஆடினால் அது 4, 5 என்று ஏறிவிடும். ரோடு தட்டுவதும் வினாடிக்கு 5. சரியாகப் போய் மாட்டிக்கொள்கிறது. லோடு ஏற்றினால் கனம் கூடி ஆட்டம் மெதுவாகும், பாரத்தில் பட்டையும் கொஞ்சம் வழுக்கிக் கொடுக்கும். தாளம் தப்பிவிடுவதால், போகும்போது ஒன்றும் தெரிவதில்லை.

அப்புறம் இரண்டு எக்ஸ்ட்ரா இலை. கம்பெனி கொடுத்த செட்டோடு வேறு ஒரு பட்டறையில் இரண்டு இலை கூட்டியிருந்தார்கள். குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, நானே நூறு வண்டிகளுக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். "ஓவர்லோடு அடிச்சா உக்காந்துருதுண்ணா" என்று வந்து நிற்பார்கள், போட்டு அனுப்புவோம். ஆனால் இலை கூட்டுவதால் ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் எடை ஒரு கிலோகூட ஏறாது. ஆக்சில், பேரிங், பிரேக் எல்லாம் பழையவைதான். ஸ்பிரிங் மட்டும் முரடாகும், காலியில் இன்னும் அதிகமாகத் தூக்கிப் போடும்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது, பலருக்குத் தெரியாது. நிறைய பிக்கப்களில் பின் ஆக்சிலிலிருந்து சேசிஸுக்கு ஒரு மெல்லிய கம்பியோ குட்டி ஸ்பிரிங்கோ போகும். அதன் முனையில் பிரேக் வால்வு இருக்கும். வண்டி லோடில் இறங்கியிருந்தால் பின் சக்கரத்துக்கு பிரேக்கை முழுதாக விடும். வண்டி உயர்ந்திருந்தால், காலி என்று நினைத்து, பின் சக்கரம் வழுக்கக் கூடாது என்று பிரேக்கைக் குறைக்கும். இலையைக் கூட்டி வண்டியை இரண்டு அங்குலம் தூக்கிவிட்டால், முழு லோடு இருக்கும்போதும் அந்த வால்வு பாதி காலி என்றே நினைக்கும். தொப்பூர் இறக்கத்தில் பின் பிரேக் குறைவாகப் பிடிக்கும், முன் பிரேக் ஒன்றே எல்லாவற்றையும் சுமக்கும். இலை கூட்டினாலும் குறைத்தாலும் அந்தக் கம்பியைக் கம்பெனி அளவுக்குத் திரும்ப அமைக்க வேண்டும். உங்கள் மெக்கானிக்கிடம் கேளுங்கள். தெரியாது என்றால் வேறு இடம் பாருங்கள்.

தம்பியின் வண்டியில் என்ன செய்தோம்? செட்டை முழுதாகக் கழற்றி, எக்ஸ்ட்ரா இரண்டையும் வெளியே எடுத்து வைத்தேன். மற்ற இலைகளை வயர் பிரஷ் போட்டுத் தேய்த்து, விரிசல் பார்த்து, உரசும் இடங்களில் கிராபைட் கிரீஸ் தடவிப் பூட்டினோம். (சில செட்களில் இலை நுனியில் பிளாஸ்டிக் அல்லது ரப்பர் பட்டன் இருக்கும். அவற்றுக்குக் கிரீஸ் வேண்டாம், தேய்ந்த பட்டனை மாற்றினால் போதும்.) வாட்டர் சர்வீஸில் கழிவு ஆயிலும் டீசலும் கலந்து அடியெல்லாம் பீய்ச்சுகிறார்களே, அதை நான் சிபாரிசு செய்வதில்லை. பத்து நாள் சத்தம் நிற்கும். பிறகு அந்த ஆயிலில் தூசி ஒட்டி உப்புத்தாள் மாதிரி அறுக்கும், பட்டையின் முனையில் இருக்கும் ரப்பர் புஷ் ஊறி உப்பிப்போகும்.

புஷ் பற்றிச் சொல்ல வேண்டும், இதில் நம் தொழில்காரர்களே தவறு செய்கிறோம். பட்டையை மாட்டும்போது வண்டி ஜாக்கியில் தூக்கி இருக்கும், ஆக்சில் தொங்கும். அப்படியே பட்டையைச் சேசிஸோடு இணைக்கும் ஷேக்கிள் போல்ட்டை முறுக்கி இறுக்கிவிட்டால், புஷ்ஷில் இருக்கும் ரப்பர் தொங்கும் நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். வண்டியைக் கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு, எந்நேரமும் வண்டியை மேலே தள்ளப் பார்க்கும். முரட்டுத்தனம் கூடும், புஷ்ஷும் சீக்கிரம் கிழியும். போல்ட்டைக் கையால் மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, ஒருமுறை ஆட்டிவிட்டு, அப்புறம்தான் கடைசி இறுக்கு. பட்டையை ஆக்சிலோடு பிடித்து வைக்கும் யு போல்ட்டை 500 கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி இறுக்கக் கொண்டுவரச் சொல்வேன். பத்தில் மூன்று பேர் வந்தால் அதிசயம்.

வேலை முடிந்ததும் அதே இரண்டு பையன்களை ஏற்றினேன். இப்போது 15 மில்லி இறங்கியது. இறங்கியதும் திரும்பி வந்தது. தம்பி தானே குனிந்து ஸ்கேலைப் பார்த்தார்.

போவதற்கு முன் டயர் காற்றைப் பார்த்தேன். கம்பெனி அளவுக்கு மேல் ஏற்றி வைத்திருந்தார், லோடுக்கு இருக்கட்டும் என்று. காலியாகத் திரும்பும்போதும் அதே காற்று. டயரும் ஒரு ஸ்பிரிங்தான், கல்லாக்கினால் கல் மாதிரிதான் குதிக்கும். காலிக்கு எவ்வளவு, லோடுக்கு எவ்வளவு என்று கதவோரத்திலோ கையேட்டிலோ போட்டிருக்கும். அதை வையுங்கள், டயர் ஆறியிருக்கும்போது அளந்து வையுங்கள். குதிக்கிறதே என்று ஓடிச் சூடான டயரிலிருந்து காற்றை இறக்காதீர்கள். காலிக்குக் குறைத்த காற்றோடு திரும்ப லோடு ஏற்றவும் கூடாது. காற்று குறைந்த டயர் லோடில் மடங்கி மடங்கிச் சூடேறி வெடிக்கும். பங்கில் காற்று பிடிக்கும் சோம்பல்தான் உங்களுக்கு என்றால், காற்றைக் குறைக்கவே வேண்டாம், குதித்தாலும் பரவாயில்லை.

பதினைந்து நாள் கழித்து மும்பை–புனே வழியில் இருக்கும் லோனாவாலாவில் டீக்கடையிலிருந்து போன் வந்தது. "அண்ணா, தூக்கிப் போடுறது நின்னுருச்சுங்க. ஆனா 80-ல மட்டும் ஒரு நடுக்கம் இருக்குது." தார் ரோட்டிலும் 80-இல் நடுங்குகிறதா என்று கேட்டேன். ஆமாம் என்றார். அப்படியென்றால் குற்றம் ரோட்டில் இல்லை. அவர் வண்டி டயர் ஒரு சுற்றுக்கு 2.2 மீட்டர் போகும், 80-இல் வினாடிக்கு 10 சுற்று. ஆக்சில் மட்டும் டயர் மேல் படபடக்கும் தாளமும் அந்தப் பக்கம்தான் இருக்கும், வினாடிக்கு 10, 12. பின்னாடி ரீட்ரெட் டயர் (தேய்ந்த டயரில் மேல் ரப்பரை மட்டும் புதிதாக ஒட்டியது) போட்டிருந்தார், ஒன்று வட்டம் சரியில்லை. மாற்றி, பேலன்ஸ் பார்த்ததும் அதுவும் போனது. கான்கிரீட்டில் மட்டும் குதித்தால் ஸ்பிரிங் பக்கம் பாருங்கள். எல்லா ரோட்டிலும் ஒரே வேகத்தில் நடுங்கினால் டயர் பக்கம் பாருங்கள்.

நடுவழியில் குதிக்க ஆரம்பித்தால் வேகத்தைப் பத்து கிலோமீட்டர் குறையுங்கள், தாளம் தப்பும். மணல் மூட்டை போடுவோர் உண்டு. 100, 150 கிலோ உதவும்தான், ஆனால் ஆக்சிலுக்கு நேர் மேலேயோ கொஞ்சம் முன்னாலோ வைத்துக் கட்ட வேண்டும். பின் கதவோரம் வைத்தால் வண்டி சீசா பலகை மாதிரி இன்னும் ஆடும். கட்டாத மூட்டை பிரேக் அடித்தால் கேபினுக்கு வரும்.

காலித் தொட்டியில் ஆட்களை ஏற்றவே ஏற்றாதீர்கள். சட்டப்படியும் தப்பு. ஓட்டுபவருக்கு ஸ்பிரிங் வைத்த சீட் இருக்கிறது, பின் விளிம்பில் உட்கார்ந்திருக்கும் கூலியாளுக்கு இரும்புத் தகடுதான். ஒரு பாலத்து ஜாயின்ட்டில் தூக்கிப் போட்டால் அடி நேராக முதுகெலும்புக்குப் போகும்.

ஷாக்கே கெட்டுப்போவதும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆயில் வழிந்து தூசி ஒட்டியிருந்தாலோ, பின்பக்கத்தை அழுத்தி விட்டால் இரண்டு மூன்று தடவை ஆடினாலோ மாற்றுங்கள், இரண்டு பக்கமும் சேர்த்து. ஹெவி டியூட்டி என்று விற்பதை வாங்கும் முன் யோசியுங்கள், அது லோடுக்கு இறுக்கியது, காலியில் முரடாகவே இருக்கும்.

யு போல்ட் இறுக்க அந்தத் தம்பி நிஜமாகவே திரும்பி வந்தார். போகும்போது மூலையில் கிடந்த தன் இரண்டு எக்ஸ்ட்ரா இலைகளைக் கேட்டார். மறுபடி எங்கேயாவது மாட்டப் போகிறாரோ என்று பார்த்தேன். "இல்லீங்கண்ணா, அப்பாவுக்குக் கொடுவாள் அடிக்கோணுமுங்க. பட்டை இரும்பு மாதிரி எது வரும்?" சாக்கில் சுற்றி சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.