யாரும் வாசிக்காத மெட்டு எங்கிருந்து கேட்கிறது?

ஒரு சின்ன இசைத் துண்டையே திரும்பத் திரும்ப வாசித்து மெல்ல மெல்ல மாற்றும் மினிமலிஸ்ட் இசையை முதன்முதலாகக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். "அதையேதானே திரும்பத் திரும்ப வாசிக்கிறார்கள், பாட்டு எப்போ ஆரம்பிக்கும்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பல்லவி, இடையிசை, சரணம் என்று அடுத்தடுத்து ஏதாவது வந்துகொண்டே இருக்கும் பாட்டுக்குப் பழகிய காது நம்முடையது. ஆனால் அந்த இரண்டு நிமிடத்தைத் தாண்டியும் உட்கார்ந்திருந்தால் காதுக்குள் ஒரு விசித்திரமான வேலை தொடங்குகிறது. அது எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொண்டால் போதும், இந்த இசை சட்டென்று பிடிபட்டுவிடும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதனால் ரசனை பற்றிய பேச்சைத் தள்ளிவைத்துவிட்டு, நேராக அது வேலை செய்யும் விதத்துக்கே போவோம்.

1965இல் அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைக்கிடம் ஒரு டேப் இருந்தது. சான் பிரான்சிஸ்கோவின் யூனியன் சதுக்கத்தில் ஒரு தெருப் போதகர் நோவா காலத்துப் பிரளயத்தைப் பற்றி முழங்கியதை அதற்கு முந்தைய ஆண்டு அவர் பதிவு செய்திருந்தார். அதில் 'மழை வரப்போகுது' என்ற பொருளில் வரும் ஒரு சின்னத் துண்டை மட்டும் வெட்டி, இரண்டு டேப் லூப்களாக்கி (முனைகளை ஒட்டி வளையமாக்கிய டேப், அதே துண்டு ஓயாமல் ஓடும்), இரண்டு மெஷின்களில் ஓடவிட்டார். ஒன்றின் பேச்சை மற்றொன்றின் மேல் சரியாகப் பொருத்த வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம். மெஷின்களோ மலிவானவை, இரண்டும் ஒரே வேகத்தில் ஓடவில்லை. ஒன்று கொஞ்சம் கொஞ்சமாக முந்த ஆரம்பித்தது. ஹெட்போனில், ஒரு காதுக்கு ஒரு லூப் என்று கேட்டுக்கொண்டிருந்த ரைக்குக்கு, நடுத்தலையில் இருந்த குரல் மெல்ல ஒரு பக்கமாக நகர்ந்து போவதுபோல் இருந்தது. அப்புறம் அது எதிரொலித்தது, அப்புறம் இரண்டாகப் பிரிந்தது.

இதற்குப் பின்னால் இருப்பது ஒரே ஒரு எண், அதாவது இரண்டு லூப்களுக்கும் இடையிலான நேர வித்தியாசம். ஒரு மெஷின் ஆயிரத்தில் ஒரு பங்கு வேகம் கூடுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு விநாடிக்கும் அது 1 மில்லிவிநாடி முந்தும். பக்கவாட்டில் இருந்து வரும் ஒலி நம் ஒரு காதுக்கும் மறு காதுக்கும் சேர அதிகபட்சம் 0.7 மில்லிவிநாடி அளவுக்குத்தான் வித்தியாசம் இருக்கும், ஒலி எந்தப் பக்கம் என்று மூளை கண்டுபிடிப்பதில் அந்தச் சின்ன இடைவெளிக்குப் பெரும் பங்கு உண்டு. ஆகவே முதல் விநாடிக்குள்ளேயே குரல் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். அதற்கு மேல் ஒரு 30, 40 மில்லிவிநாடி வரை, பின்னால் வரும் பேச்சைத் தனிக் குரலாக மூளை ஏற்பதில்லை, முதலில் வந்ததோடு ஒட்டிவிடுகிறது (இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் சுவர்கள் உள்ள எந்த அறையிலும் நாம் நிம்மதியாகப் பேச முடியாது). அதையும் தாண்டினால் எதிரொலி. இன்னும் தாண்டினால், ஒருவர் சொல்வதை இன்னொருவர் பின்தொடர்ந்து சொல்வதுபோல் இரண்டு குரல்கள். டேப்பில் எதுவுமே மாறவில்லை, இடைவெளி மட்டும்தான் வளர்ந்தது.

1967இல் ரைக் இதையே மனிதக் கைகளுக்குக் கொண்டுவந்தார், 'பியானோ ஃபேஸ்' என்ற பெயரில். முதல் பகுதியில் இரண்டு பியானோக்களும் 12 சுரங்கள் கொண்ட ஒரே வரியைத்தான் வாசிக்கின்றன. அந்த வரியின் கட்டுமானம் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு கை மூன்று சுரங்களைச் சுற்றிச் சுற்றி வாசிக்கிறது, மற்றொரு கை இரண்டே சுரங்களை மாற்றி மாற்றி வாசிக்கிறது, இரண்டும் மாறி மாறி ஒன்றுக்கொன்று இடையில் விழுவதால் 12 சுரங்களுக்கு ஒருமுறைதான் வட்டம் முழுமையாகிறது. வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 7 சுரம். ஒருவர் வேகத்தை மாற்றாமல் வாசிக்க, மற்றவர் கண்ணுக்குத் தெரியாத அளவு வேகத்தைக் கூட்டி ஒரு சுரம் முந்தியதும் அங்கே நிலைகொள்கிறார். கொஞ்ச நேரம் கழித்து அடுத்த சுரம். இப்படி 12 முறை நகர்ந்ததும் இருவரும் பழையபடி ஒன்றுசேர்கிறார்கள்.

இடையில் என்ன கேட்கிறது என்பதுதான் ஆச்சரியம். இருவரில் யாருமே வாசிக்காத மெட்டுகள் கேட்கின்றன. மேலே ஒரு சின்ன மணிச்சத்தம் போன்ற வரி, கீழே ஒரு தாளம், அவரவர் கவனத்தைப் பொறுத்து ஒருவருக்குக் கேட்பது பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காமலும் போகலாம். இதை மனப்பிரமை என்று ஒதுக்க வேண்டாம். 1971இல் உளவியல் ஆய்வாளர்கள் ஆல்பர்ட் பிரெக்மனும் ஜெஃப்ரி காம்ப்பெலும் ஒரு சோதனை செய்தார்கள். மூன்று உயர்ந்த சுரங்களையும் மூன்று தாழ்ந்த சுரங்களையும் மாற்றி மாற்றி, வேகமாக ஒலிக்கவிட்டார்கள். கேட்டவர்களுக்கு அது ஒரே வரியாகக் கேட்கவில்லை. உயர்ந்தவை ஒரு ஓட்டமாகவும் தாழ்ந்தவை தனியாக இன்னொரு ஓட்டமாகவும் பிரிந்தன, எந்த உயர்ந்த சுரத்துக்குப் பிறகு எந்தத் தாழ்ந்த சுரம் வந்தது என்று சொல்லவே தடுமாறினார்கள். வேகம் கூடக்கூட, உயரத்தில் பக்கத்துப் பக்கத்தில் உள்ள ஒலிகளை மூளை ஒரே இடத்தில் இருந்து வருபவையாக எண்ணிச் சேர்த்துக்கட்டுகிறது. சந்தை இரைச்சலில் ஒருவர் பேச்சை மட்டும் பிரித்துப் பிடிக்க உதவும் அதே திறமைதான் இங்கே இரண்டு பியானோக்களின் சுரங்களைக் கலைத்துப் புது மெட்டாகக் கோக்கிறது.

பியானோ வேண்டாம், கையாலேயே சோதித்துப் பார்க்கலாம். 1972இல் ரைக் எழுதிய 'கிளாப்பிங் மியூசிக்' இருவர் கைதட்டுவது, அவ்வளவுதான். மூன்று தட்டு, ஒரு காலி. இரண்டு தட்டு, ஒரு காலி. ஒரு தட்டு, ஒரு காலி. இரண்டு தட்டு, ஒரு காலி. மொத்தம் 12 எண்ணிக்கை. ஒருவர் இதை மாற்றாமல் தட்டுகிறார், மற்றவர் பல சுற்றுக்கு ஒருமுறை தன் தொடக்கத்தை ஒரு எண்ணிக்கை தள்ளிக்கொள்கிறார். சாதாரணமாக 'இரண்டு தட்டு, ஒரு காலி' என்று நான்கு முறை அடித்திருந்தால் மூன்றாவது நகர்விலேயே இருவரும் ஒன்றாகியிருப்பார்கள், விளையாட்டு முடிந்துபோயிருக்கும். 3, 2, 1, 2 என்ற சமச்சீரற்ற அடுக்கு என்பதால்தான் 12 நகர்வு முடியும் வரை எந்த நிலையிலும் இரண்டு வரிகளும் பொருந்துவதில்லை. நண்பர் ஒருவரோடு உட்கார்ந்து முயன்று பாருங்கள், இரண்டாவது நகர்விலேயே எதிராளியின் தட்டு உங்களை இழுத்துக்கொண்டு போய்விடும்.

இன்னொரு அமெரிக்க இசையமைப்பாளரான ஃபிலிப் கிளாஸ் இதே இசைக்கு வேறு வழியில் வந்தார். 1960களின் நடுவில் பாரிஸில், ரவிசங்கரின் திரைப்படப் பின்னணி இசையை மேற்கத்திய முறையில் எழுதித்தரும் வேலை அவருக்குக் கிடைத்தது. சிறு அலகுகளைக் கூட்டிக் கூட்டித் தாளத்தைக் கட்டலாம் என்ற எண்ணம் அங்கிருந்து வந்தது. 1968இல் எழுதிய 'டூ பேஜஸ்' ஐந்து சுரங்களில் தொடங்கி, சுரங்களைச் சேர்த்தும் கழித்தும் நீண்டு சுருங்குகிறது. கர்நாடக இசையில் யதி (படிப்படியாக நீண்டோ சுருங்கியோ போகும் தாள அடுக்கு) கேட்டுப் பழகியவர்களுக்கு இது அவ்வளவு அந்நியமாக இருக்காது.

சரி, திரும்பத் திரும்பக் கேட்பது ஏன் எல்லோருக்கும் அலுத்துவிடுவதில்லை? ஒரே ஒலி தொடர்ந்து வந்தால் அதற்கு மூளையின் எதிர்வினை குறைந்துகொண்டே போகும். ஆனால் அந்த வரிசையில் ஒன்றே ஒன்று மாறினால், ஏறத்தாழ 150 முதல் 200 மில்லிவிநாடிக்குள் மூளை அலைகளில் ஒரு தனி அசைவு தெரிகிறது, நாம் புத்தகம் படித்துக்கொண்டு ஒலியைக் கவனிக்காமல் இருந்தாலும்கூட. 1978இல் உளவியல் ஆய்வாளர் ரிஸ்டோ நாட்டானனும் உடன் ஆய்வு செய்தவர்களும் இதை வெளியிட்டார்கள். ஐந்து நிமிடம் அசையாத ஒரு வரியில் ஒரு சுரம் மாறும்போது உடம்பு சிலிர்ப்பதில் இதற்கும் பங்கு இருக்கும் என்பது என் எண்ணம். அந்தப் பொறுமை எல்லோருக்கும் வருவதில்லை என்பதும் உண்மை: 1973 ஜனவரியில் நியூயார்க் கார்னெகி ஹாலில் ரைக்கின் 'ஃபோர் ஆர்கன்ஸ்' வாசிக்கப்பட்டபோது, ஒரே ஒரு ஸ்வரக்கூட்டை (பல சுரங்கள் சேர்ந்து ஒன்றாக ஒலிப்பது) நீட்டிக்கொண்டே போன அந்த இசையைத் தாங்காமல் கூட்டத்தில் பலர் கூச்சல் போட்டார்கள்.

அதனால் அதில் தொடங்க வேண்டாம். முதலில் 'கிளாப்பிங் மியூசிக்', சில நிமிடத்தில் முடிந்துவிடும். பிறகு 'பியானோ ஃபேஸ்', ஹெட்போனில், ஒருமுறை மேல் சுரங்களை மட்டும், இன்னொருமுறை கீழ் சுரங்களை மட்டும் பிடித்துக்கொண்டு. அது பிடித்திருந்தால் 1976இல் முதலில் மேடையேறிய 'மியூசிக் ஃபார் 18 மியூசிஷியன்ஸ்', சுமார் ஒரு மணி நேரம். தொடக்கத்தில் 11 ஸ்வரக்கூட்டுகள் வரிசையாக வந்து போகும், பிறகு அவை ஒவ்வொன்றும் சில நிமிட நீளமுள்ள ஒரு பகுதியாக விரியும். பேஸ் கிளாரினெட்டுகள் (தாழ்ந்த சுரங்களில் ஒலிக்கும் ஊதுகருவிகள்) எழுந்து அடங்கும் நீளம் வாசிப்பவரின் ஒரு மூச்சு. கையசைத்து வழிநடத்தும் இசை நடத்துனர் என்று ஒருவர் கிடையாது, அடுத்த இடத்துக்கு நகரும் சைகையை வைப்ரஃபோன்தான் (உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் கருவி) கொடுக்கிறது. அந்த உலோக ஒலி கேட்டதும் எது மாறுகிறது என்று மட்டும் கவனித்துக் கேளுங்கள்.