ரணஜன்னி வந்து பிழைத்தவருக்கும் எதற்கு ஊசி?

ரணஜன்னி என்கிற டெட்டனஸ் வந்து, தாடை இறுகி, உடம்பு வில்லாய் வளைந்து, வாரக்கணக்கில் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்து பிழைத்தவருக்கும் டெட்டனஸ் தடுப்பூசியை முதல் தவணையிலிருந்து போடுவார்கள். "அதான் நோயே வந்துபோச்சே, இனி எதுக்கு ஊசி?" என்று வீட்டார் கேட்பது நியாயமே. அம்மை ஒருமுறை வந்தால் மறுமுறை வராது என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம்.

டெட்டனஸ் கிருமி காயத்தை விட்டு நகர்வதில்லை. அங்கிருந்தபடியே ஒரு நஞ்சைச் சுரக்கும். நஞ்சு நரம்பு வழியே தண்டுவடத்துக்கு ஏறி, தசையைத் தளரச் சொல்லும் கட்டளையை அடைத்துவிடும். ஆளைக் கொல்ல அதில் துளியிலும் துளி போதும். நோய் எதிர்ப்பு மண்டலம் அதைக் கவனித்து நினைவில் வைக்க அந்த அளவு போதாது. இதே நஞ்சை ஃபார்மலின் என்ற ரசாயனத்தில் பதப்படுத்தினால் விஷம் போய்விடும், உருவம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். 1920களில் பிரான்சில் கஸ்தோன் ரமோன் உருவாக்கிய முறை இது; தடுப்பூசியில் இருப்பது இப்படிப் பதப்படுத்திய நஞ்சுதான். விஷமில்லாததால் தாராளமாகச் செலுத்தலாம், உடலும் நன்றாகப் படித்துக்கொள்ளும். ஆக, டெட்டனஸில் நோயைவிட ஊசியே நல்ல வாத்தியார்.

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான எச்பிவி வைரஸும் ஏறக்குறைய இப்படித்தான். மேல்தோல் செல்களிலேயே பதுங்கி, ரத்தத்துக்குள் வராமல் காலம் தள்ளும். தொற்று வந்த பலருக்கு ஆன்டிபாடி, அதாவது கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதம், சரியாக உருவாவதே இல்லை. தசையில் போடும் தடுப்பூசி அதைவிடப் பல மடங்கு ஆன்டிபாடியைத் தருகிறது.

தட்டம்மையில் கதை மாறுகிறது. 1846இல் வட அட்லாண்டிக் கடலிலுள்ள ஃபேரோ தீவுகளில் தட்டம்மை புகுந்து, 7,782 பேரில் ஏறத்தாழ 6,000 பேரைப் படுக்கவைத்தது. அங்கு அனுப்பப்பட்ட டென்மார்க்கின் இளம் மருத்துவர் பீட்டர் பானும் (Panum) ஒன்றைக் கவனித்தார்: 65 ஆண்டுகளுக்கு முன், 1781இல் தட்டம்மை வந்துபோன கிழவர்கள் ஒருவருக்கும் மறுபடி வரவில்லை. தடுப்பூசியோ, இரண்டு தவணை போட்டாலும் 100 பேரில் சுமார் 97 பேருக்குத்தான் பாதுகாப்பு. "இயற்கையா வந்தாத்தான் சக்தி" என்பவர்கள் இந்த இடத்தில் தலையாட்டலாம். ஆனால் கணக்கு இதோடு முடியவில்லை. தட்டம்மை வைரஸ் தேடிப்போய்த் தாக்குவதே, பழைய கிருமிகளை நினைவில் வைத்திருக்கும் செல்களைத்தான். நெதர்லாந்தில் தடுப்பூசி போடாமல் தட்டம்மைக்கு ஆளான 77 குழந்தைகளை ஆராய்ந்தவர்கள் 2019இல் வெளியிட்ட முடிவு: மற்ற கிருமிகளுக்கு எதிராக அவர்கள் ஏற்கெனவே சேர்த்துவைத்திருந்த ஆன்டிபாடிகளில் 11 முதல் 73 சதவீதம் வரை காணாமல் போயிருந்தன. தடுப்பூசி போட்ட குழந்தைகளிடம் இந்த இழப்பு இல்லை. ஒரு நோய்க்குக் காப்பு வாங்கப் பத்து நோய்க்கான காப்பைக் கொடுப்பதை லாபம் என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை.

போலியோவில் எந்த இடத்தில் எதிர்ப்பு உண்டாகிறது என்பதும் கணக்கு. ஊசி ரத்தத்தில் ஆன்டிபாடியை உண்டாக்கி வாதம் வராமல் காக்கும். ஆனால் வைரஸ் குடலில் பெருகி மலத்தில் வெளியேறுவதை அவ்வளவாகத் தடுக்காது. குடலுக்குள்ளேயே எதிர்ப்பு வேண்டுமென்றால் கிருமி குடலுக்குப் போயாக வேண்டும். சொட்டு மருந்து செய்வது அதைத்தான். அதிலிருப்பது வலுவிழக்கச் செய்த, ஆனால் உயிருள்ள வைரஸ். குடலில் அது பெருகுவதும் ஒரு தொற்றுதான். நம் அரசுத் தடுப்பூசி அட்டவணையில் வாயில் சொட்டும் கையில் ஊசியும் சேர்ந்தே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.