கோழிக்குஞ்சின் கட்டுச்சோறு

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "பொரிப்பகத்தில் ஒரு நாள் குஞ்சுகளை அட்டைப் பெட்டியில் அடைத்து பஸ்ஸில் ஏற்றி அனுப்புகிறார்கள். உள்ளே தீனியும் இல்லை, தண்ணீரும் இல்லை. எப்படி உயிரோடு வந்து சேர்கின்றன? வந்ததும் என்ன கொடுக்க வேண்டும்?" முதல் கேள்விக்கு விடை தெரிந்தால், இரண்டாவதில் பாதி தானாகவே விளங்கிவிடும்.

21 நாள் அடைகாத்தால் குஞ்சு பொரியும், கருவுக்கு உணவு மஞ்சள் கரு. இதைப் பள்ளியிலேயே படித்திருப்போம். ஆனால் அந்த மஞ்சள் கரு 21 நாளில் தீர்ந்துவிடுவதில்லை. கடைசி வாரம் வரை அது ஒரு பையாகக் குஞ்சின் வயிற்றுக்கு வெளியே, தொப்புளோடு ஒட்டித் தொங்கிக்கொண்டிருக்கும். பொரிவதற்கு ஓரிரு நாள் முன்பு, ஏறக்குறைய 19, 20ஆம் நாளில், மிச்சமிருக்கும் பையைத் தொப்புள் வழியாக அப்படியே வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது குஞ்சு. பிறகு தொப்புள் மூடிக்கொள்ளும். அதன் பிறகுதான் ஓட்டை உடைக்கும் வேலை. கையில் எடுத்தால் 40 கிராம்கூடத் தேறாத அந்த ஜீவனின் எடையில் பத்தில் ஒரு பங்கு, சில சமயம் அதற்கும் மேல், இந்தக் கட்டுச்சோறுதான். இரண்டு மூன்று நாள் தாங்கும்.

இது பொரிப்பகங்களுக்காக வந்த ஏற்பாடு இல்லை. அடையில் உள்ள முட்டைகள் எல்லாம் ஒரே நேரத்தில் பொரிவதில்லை. முதலில் வந்த குஞ்சு, கடைசித் தம்பி வெளியே வரும் வரை தாயின் இறக்கைக்குள் பட்டினியாகக் காத்திருக்க வேண்டும். வியாபாரிகள் பெட்டியில் பயன்படுத்திக்கொள்வது இந்தக் காத்திருப்பைத்தான்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது. வயிற்றுக்குள் போன பைக்கு இரண்டு வாசல்கள். பையின் சுவரிலுள்ள ரத்தக்குழாய்கள் கொழுப்பையும் புரதத்தையும் நேராக ரத்தத்துக்குக் கொண்டுபோகின்றன, இது ஒன்று. மற்றொன்று, பையிலிருந்து சிறுகுடலின் நடுப்பகுதிக்குப் போகும் ஒரு சின்னக் காம்பு. குஞ்சு இரை தின்னத் தொடங்கியதும் குடல் அசைகிறது. அந்த அசைவில் மஞ்சள் கரு காம்பு வழியாகக் குடலுக்குள் வருகிறது. விளைவு வேடிக்கையானது: பட்டினி கிடக்கும் குஞ்சைவிட, தீனி தின்னும் குஞ்சுக்குத்தான் கட்டுச்சோறு சீக்கிரம் காலியாகிறது! குடலின் உறிஞ்சு பரப்பும் தீனி பட்டால்தான் வேகமாக வளர்கிறது. ஆகவே "மூன்று நாள் ஒன்றும் வேண்டாம்" என்பது பாதி உண்மை. உயிர் நிற்கும், வளர்ச்சி பின்தங்கும். கோழிக்குடலைச் சுத்தம் செய்பவர்கள் உற்றுப் பார்த்தால், சிறுகுடலின் நடுவில் ஒரு குட்டி முளையைக் காணலாம். அந்தக் காம்பின் மிச்சம் அது.

சரி, பெட்டி வந்து சேர்ந்ததும் முதலில் தண்ணீர். தட்டு ஆழமில்லாமல் இருக்கட்டும்; நாலு கூழாங்கல் போட்டுவைத்தால் விழுந்து நனையாது. அப்புறம் தாளில் தூவிய தீனி. வெறும் நொய்யரிசியில் புரதம் 7, 8 சதவீதம்தான். குஞ்சுக்கு வேண்டியது 20 சதவீதம். அதனால் குஞ்சுத் தீவனம்தான் சரி. கிராமத்தில் பழைய பானையில் ஈரச்சாணியும் சாக்கும் திணித்துக் கரையான் பிடித்துப் போடுவார்களே, அது அருமையான புரதம். இந்த மாதிரி உள்ளூர்த் தீனிகளை அளந்து பார்க்கும் ஆராய்ச்சிக்கு, கறிக்கோழித் தீவன ஆராய்ச்சிக்குப் போகும் பணத்தில் ஒரு துளி வந்தாலும் போதும் என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

சூடு இல்லாவிட்டால் இதெல்லாம் வீண். குளிரில் விறைத்த குஞ்சு இரை எடுக்காது, மஞ்சள் கருவையும் சரியாகச் செரிக்காது. முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைக்கலாம். வெப்பமானியைவிடக் குஞ்சுகளைப் பாருங்கள்: பல்பின் அடியில் குவிந்தால் குளிர், ஓரத்துக்கு ஓடி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு. நம் ஊர் மே மாதப் பகலில் பல்பே வேண்டியிருக்காது.

கட்டுச்சோற்றில் தாய் வைத்து அனுப்பும் இன்னொன்றும் உண்டு: எதிர்ப்புப் புரதங்கள். தாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தால் அவை மஞ்சள் கரு வழியாகக் குஞ்சின் ரத்தத்துக்குப் போய் முதல் சில வாரம் காக்கும், பிறகு மெல்லக் கரைந்துவிடும். சிக்கல் என்னவென்றால், இதே புரதங்கள் தடுப்பூசிக் கிருமியையும் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் வெள்ளைக்கழிச்சலுக்கான முதல் தடுப்பு மருந்தை ஊசியாகப் போடாமல், முதல் வாரக் கடைசியில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டாக விடுகிறார்கள். கண்ணுக்குப் பின்னால் உள்ள ஒரு சுரப்பி அந்த இடத்திலேயே எதிர்ப்பை உண்டாக்கிவிடும். அந்த எதிர்ப்பும் நாளாகக் குறையும். அடுத்த தவணைகளைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுப் போடுங்கள்.

அடைவைக்கும்போது இடிக்குப் பயந்து இரும்புத் துண்டும் கரியும் வைப்பார்கள். வைத்துவிட்டுப் போகட்டும், முட்டைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் வெள்ளைக்கழிச்சலில் குஞ்சுகள் கொத்தாகச் சாகும்போது "கண்ணு பட்டுடுச்சு" என்று மிளகாய் சுற்றிப் போட்டுவிட்டுச் சும்மா இருப்பதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

பெரிய கோழிகளோடு சேர்ப்பதற்கு எட்டு வாரமாவது பொறுங்கள். இறகு முழுதாக முளைத்திருக்கும், கொத்து வாங்கினால் ஓடித் தப்பவும் தெரியும். முதலில் ஒரு வாரம் நடுவில் வலை கட்டி, ஒன்றையொன்று பார்த்துப் பழக விடலாம். தீவனத்தில் மட்டும் கவனம் வேண்டும். முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து 3.5 முதல் 4 சதவீதம். வளரும் கோழிக்கு 1 சதவீதம் போதும், மிஞ்சினால் சிறுநீரகம் கெடும். எல்லாவற்றுக்கும் வளர் தீவனத்தையே போட்டுவிட்டு, கிளிஞ்சல் தூளைத் தனித் தட்டில் வையுங்கள். முட்டையிடும் கோழி தேவையான அளவு தானே போய்த் தின்றுகொள்ளும்.